மைஎஸ்கியூஎல் 8.0-க்கு மாறிய பிறகு பெரிய டேபிள் ரீஸ்டோர் ஆகவில்லையா? அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

மைஎஸ்கியூஎல் என்ற டேட்டாபேஸ் மென்பொருளின் 5.7 பதிப்புக்கான ஆதரவு 2023 அக்டோபரோடு முடிந்துவிட்டது. இன்னும் 5.7-ல் இருந்தவர்கள் ஒவ்வொருவராக 8.0-க்கு நகர்ந்து வருகிறார்கள். சின்னச் சின்ன டேபிள்கள் எல்லாம் சத்தமில்லாமல் ஏறிவிடும். எண்பது ஜிபி, நூறு ஜிபி என்று ஒரு டேபிள் இருக்கும் பாருங்கள், பில்லிங் விவரமோ லாகோ, அதுதான் பாதியில் நின்று உயிரை வாங்கும். நின்றதும் எல்லோரும் முதலில் அந்த டேபிளைத்தான் சந்தேகப்படுகிறார்கள். பெரும்பாலும் டேபிளில் குற்றம் இருக்காது. 5.7-க்கும் 8.0-க்கும் இடையில் சத்தமில்லாமல் மாறிப்போன இயல்பு அமைப்புகளில்தான் இருக்கும்.

மைஎஸ்கியூஎல்டம்ப் கொண்டு 5.7-ல் எடுத்த பேக்கப் ஃபைலை (இதைத்தான் டம்ப் என்கிறேன்), மைஎஸ்கியூஎல் கிளையன்ட் வழியாக 8.0-ல் ஏற்றுகிறீர்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

தொடங்கும் முன் சில வார்த்தைகள். ரீஸ்டோரை ஸ்கிரீன் அல்லது டிமக்ஸுக்குள் ஓட்டுங்கள். எஸ்எஸ்எச் இணைப்பு அறுந்தால் வேலையும் சேர்ந்து அறுந்துபோகக் கூடாது. எரர் செய்திகளைத் தனி ஃபைலுக்குத் திருப்பிவிடுங்கள். 'ஃபோர்ஸ்' ஆப்ஷனைத் தொடவே வேண்டாம். அது எரரைத் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கும், கடைசியில் எந்த வரிசை ஏறியது எது ஏறவில்லை என்று உங்களுக்கே தெரியாது.

எரர் எண்ணைப் பார்த்ததும் ஒரு விஷயம் தெரிந்துவிடும். 2000-லிருந்து 2999 வரை என்றால் பேசுவது கிளையன்ட். 1000-களிலும் 3000-க்கு மேலும் இருந்தால் சர்வர். கிளையன்ட் சொல்வது பெரும்பாலும் "எதிர்ப்பக்கம் ஆளைக் காணோம்" என்பது மட்டும்தான். ஏன் காணோம் என்பது சர்வரின் எரர் லாகில் இருக்கும். அதைத் திறக்காமல் 2006-க்கும் (சர்வர் போய்விட்டது) 2013-க்கும் (நடுவில் இணைப்பு அறுந்துவிட்டது) மருந்து தேடுவது வீண்.

அறிகுறி: முதல் வரியிலேயே நின்றுவிடுகிறது

1064, முதல் வரி, இலக்கணப் பிழை என்று வந்தால் ஃபைலின் தலையை 'ஹெட்' கட்டளையில் பாருங்கள். "பாஸ்வேர்டைக் கட்டளை வரியில் கொடுப்பது பாதுகாப்பல்ல" என்ற எச்சரிக்கை ஃபைலின் முதல் வரியாக உட்கார்ந்திருக்கலாம். டம்ப் எடுக்கும் ஸ்கிரிப்ட்டில் யாரோ எரர் வெளியீட்டையும் சேர்த்து அதே ஃபைலுக்குத் திருப்பியிருக்கிறார்கள். அந்த வரியை நீக்கினால் போதும். ஆனால் அதே வழியில் நடுவிலும் எச்சரிக்கைகள் நுழைந்திருக்கலாம் என்பதால், முடிந்தால் டம்பை மறுபடி எடுப்பது நல்லது.

"பூஜ்ய எழுத்து வந்திருக்கிறது, பைனரி மோடு போடு" என்று செய்தி வந்தால் உடனே பைனரி மோடைப் போட்டுவிடாதீர்கள். ஃபைல் ஜிஜிப்பில் சுருக்கப்பட்டு, பெயரில் மட்டும் அந்த வால் இல்லாமல் இருக்கலாம். அல்லது விண்டோஸ் பவர்ஷெல்லில் அம்புக்குறி போட்டு எடுத்த டம்பாக இருக்கலாம். பழைய 5.1 பவர்ஷெல் அப்படி எழுதும் எதையும் யூடிஎஃப்-16 ஆக்கிவிடும். விண்டோஸில் 'ரிசல்ட்-ஃபைல்' ஆப்ஷன் கொடுத்து எடுப்பதே சரி.

ஃபைலின் வாலையும் பார்த்துவிடுங்கள். டம்ப் முழுமையாக முடிந்திருந்தால், முடிந்ததாகச் சொல்லும் குறிப்பு தேதியோடு கடைசி வரியில் இருக்கும். இல்லையென்றால் ரீஸ்டோரைச் சரிசெய்து பயனில்லை, பேக்கப்பே பாதிதான்.

அறிகுறி: 2006, 2013 அல்லது 1153

1153 என்றால் நேரடியாகவே சொல்கிறது: பேக்கெட், அதாவது ஒரே தடவையில் அனுப்பும் கட்டளை, வரம்பைவிடப் பெரிது. 8.0 சர்வரில் மேக்ஸ்_அலவ்டு_பேக்கெட் இயல்பாக 64 எம்பி, 5.7-ல் 4 எம்பியாக இருந்தது. அப்படியானால் புதியதில் பிரச்சினையே வரக்கூடாதே என்று தோன்றும். சர்வரின் அமைப்புகள் இருக்கும் பழைய மை.சிஎன்எஃப் ஃபைலை அப்படியே தூக்கி வந்திருப்பீர்கள், அதில் 16 எம்பி என்று யாரோ எப்போதோ எழுதி வைத்திருப்பார்கள். அதோடு கிளையன்ட்டுக்குத் தனி அளவு உண்டு, இயல்பு 16 எம்பி. இரண்டு பக்கமும் ஏற்ற வேண்டும். உச்ச வரம்பு 1 ஜிபி. 'செட் குளோபல்' போட்டால் அதற்குப் பிறகு வரும் இணைப்புகளுக்குத்தான் பொருந்தும். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் ரீஸ்டோருக்கு அது எட்டாது.

ஸ்கேன் செய்த படிவம், பிடிஎஃப் போன்றவற்றை டேபிளுக்குள்ளேயே வைத்திருந்தால் இன்னொரு கணக்கையும் போடுங்கள். 'ஹெக்ஸ்-பிளாப்' போட்டு எடுத்த டம்பில் ஒவ்வொரு பைட்டும் இரண்டு எழுத்தாகிறது. 40 எம்பி ஃபைல் ஒன்று 80 எம்பி கட்டளையாக வந்து நிற்கும். டேபிளில் இருக்கும் பெரிய பிளாபை (பைனரி டேட்டாவை) பார்த்துவிட்டு "64 போதுமே" என்று நினைத்தவர்கள் இங்கேதான் மாட்டுவார்கள்.

2013 வந்தால் முதலில் சர்வர் எவ்வளவு நேரமாக ஓடிக்கொண்டிருக்கிறது என்று பாருங்கள். கிளையன்ட்டில் 'ஸ்டேட்டஸ்' என்று அடித்தால் காட்டும். நேற்று ஏற்றிய சர்வர் நான்கு நிமிடமாகத்தான் ஓடுகிறது என்றால் அது நடுவில் செத்து மறுபடி எழுந்திருக்கிறது. லினக்ஸ் கெர்னல் லாகில் 'அவுட் ஆஃப் மெமரி' என்று தேடுங்கள். டேட்டாவை மெமரியில் வைத்துக்கொள்ளும் பஃபர் பூலுக்கு மெமரியில் பெரும்பங்கைக் கொடுத்துவிட்டு, அதே மெஷினில் ஜாவா ஆப்பையும் ஓட்டினால் கெர்னல் ஒருவரைக் கொல்லத்தான் செய்யும். பெரும்பாலும் அதிக மெமரி பிடித்தவரை. பஃபர் பூலைக் குறையுங்கள், அல்லது ரீஸ்டோர் முடியும் வரை மற்றதை நிறுத்துங்கள்.

அறிகுறி: எரரும் இல்லை, அசைவும் இல்லை

இதுதான் பலரை ராத்திரி முழுக்க உட்கார வைப்பது. வேறொரு டெர்மினலில் 'ஷோ பிராசஸ்லிஸ்ட்' பாருங்கள்.

டேபிள் மெட்டாடேட்டா லாக்குக்காகக் காத்திருப்பதாகக் காட்டினால், டம்பின் தொடக்கத்தில் உள்ள 'டிராப் டேபிள்' வரியே இன்னும் நகரவில்லை. ஏதோ ஒரு ஆப், அல்லது யாரோ திறந்துவைத்துவிட்டு டீ குடிக்கப் போன ஒரு வொர்க்பெஞ்ச் அந்த டேபிளைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. தானாக நேரம் கடந்து எரர் வரும் என்று காத்திருக்காதீர்கள். லாக்_வெயிட்_டைம்அவுட்டின் இயல்பு மதிப்பு 3,15,36,000 விநாடி, அதாவது ஒரு முழு ஆண்டு. பிடித்திருக்கும் இணைப்பைக் கண்டுபிடித்துக் கொல்ல வேண்டியதுதான்.

அது இல்லையென்றால் டிஸ்க்கைப் பாருங்கள். டேட்டாவில் நடக்கும் மாற்றங்களை எழுதிவைக்கும் பைனரி லாக் 5.7-ல் இயல்பாக அணைந்திருந்தது, 8.0-ல் இயல்பாகவே எரிகிறது. வைத்திருக்கும் காலம் 30 நாள். ஆக நூறு ஜிபி டேபிளை ஏற்றும்போது டேட்டா ஃபைல் ஒருபக்கம் வளர, கிட்டத்தட்ட அதே அளவுக்கு பைனரி லாகும் இன்னொரு பக்கம் வளர்கிறது. "பழைய சர்வரில் இதே டிஸ்க்தானே போதுமாக இருந்தது" என்ற கேள்விக்கு விடை இதுதான்.

இடம் தீர்ந்ததும் மைஎஸ்கியூஎல் பல சமயம் எரர் கொடுத்து விழாது. யாராவது இடம் காலி செய்யும் வரை காத்திருப்பதாக எரர் லாகில் எழுதிவிட்டுச் சும்மா நிற்கும். கிளையன்ட் பக்கம் ஒன்றும் தெரியாது. இந்த நிலையில் பைனரி லாக் ஃபைல்களைக் கையால் அழிக்காதீர்கள். இன்டெக்ஸ் ஃபைல் அவற்றைத் தேடிக் குழம்பும். 'பர்ஜ் பைனரி லாக்ஸ்' கட்டளையைக் கொடுங்கள். இடம் கிடைத்ததும் ரீஸ்டோர் விட்ட இடத்திலிருந்து தானே நகரும்.

அடுத்த முறை கிளையன்ட்டின் 'இனிட்-கமாண்ட்' ஆப்ஷனில் எஸ்கியூஎல்_லாக்_பின் மதிப்பை 0 ஆக்கிவிட்டு ஏற்றலாம். ரெப்ளிகா (பைனரி லாகைப் படித்து ஓடும் நகல் சர்வர்) எதுவும் இல்லாதபோது மட்டும்! ரெப்ளிகா இருந்தால் அதற்கு இந்த டேட்டா போகவே போகாது.

இடம் தீர்ந்து 1114, 'டேபிள் நிரம்பிவிட்டது' என்று வந்தாலும் கதை இதேதான். கடைசியில் இன்டெக்ஸ் போடும்போது 1878 வந்தால் தற்காலிக ஃபைல் எழுத இடமில்லை என்று பொருள். /டிஎம்பி மெமரியில் சின்னதாக அமைந்திருக்கும். இன்னோடிபி_டிஎம்பிடிர் அமைப்பைப் பெரிய டிஸ்க்குக்குத் திருப்புங்கள்.

அறிகுறி: 1062, பழைய சர்வரில் இல்லாத டூப்ளிகேட்

இது இருப்பதிலேயே விஷமமானது. பழைய சர்வரில் யூனிக் கீ ஒழுங்காக இருந்தது, டம்பும் சரி, ஆனாலும் புதியதில் டூப்ளிகேட் என்கிறது.

5.7-ல் 'ஷோ கிரியேட் டேபிள்' ஒரு பழக்கம் வைத்திருந்தது. கொலேஷன் (எழுத்துகளை ஒப்பிடும் விதிகள்) அந்த கேரக்டர் செட்டின் (எழுத்துகளைப் பைட்டாகச் சேமிக்கும் முறையின்) இயல்பாகவே இருந்தால் அதை எழுதாமல் விட்டுவிடும். டம்பும் அப்படியே வரும்: கேரக்டர் செட் யூடிஎஃப்8எம்பி4 என்று மட்டும் இருக்கும், கொலேஷன் இருக்காது. 5.7-ல் அதற்கு அர்த்தம் ஜெனரல்_சிஐ. 8.0-ல் இயல்பு மாறிவிட்டது. அதே வரிக்கு இப்போது 0900_ஏஐ_சிஐ என்று அர்த்தம். ஒரு எழுத்துகூட மாறாத ஃபைல், வேறு ஒப்பீட்டு விதிகளோடு ஒரு டேபிளை உருவாக்கிவிடுகிறது.

தமிழ்ப் பெயர்கள் உள்ள டேபிளில் இது எப்படித் தெரியும்? 'கார்த்திக்' என்ற பெயர் இரண்டு முறை இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் புள்ளிக்குப் பிறகு, கண்ணுக்குத் தெரியாத ஜீரோ விட்த் நான்-ஜாயினர் ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கிறது, பழைய கீபோர்டு மென்பொருளிலிருந்தோ எழுத்துரு மாற்றியிலிருந்தோ வந்தது. ஜெனரல்_சிஐ அதையும் ஒரு எழுத்தாக எண்ணும், ஆகவே இரண்டும் வேறு. 0900 விதிகள் அதைக் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது, ஆகவே இரண்டும் ஒன்று. திரையில் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. 'கேர்_லெங்த்' போட்டுப் பாருங்கள்: சரியான 'கார்த்திக்' 10, மற்றது 11. 'லெங்த்' போட்டால் 30-ம் 33-ம் வரும்.

இந்த இடத்தில் "டேட்டாபேஸின் கொலேஷனை மாற்றினால் சரியாகிவிடும்" என்று பலர் சொல்வார்கள். ஆகாது. கிரியேட் வரியில் கேரக்டர் செட் வெளிப்படையாக எழுதப்பட்டிருப்பதால், டேட்டாபேஸின் கொலேஷனையோ சர்வரின் கொலேஷனையோ அது கேட்காது. அந்த கேரக்டர் செட்டின் இயல்புக்கே போகும்.

செய்ய வேண்டியது: அமைப்பையும் டேட்டாவையும் தனித்தனி டம்பாக எடுங்கள், 'நோ-டேட்டா' ஒன்று, 'நோ-கிரியேட்-இன்ஃபோ' ஒன்று. முதலாவது சின்ன ஃபைல். எந்த எடிட்டரிலும் திறந்து, கொலேஷன் ஜெனரல்_சிஐ என்று கையால் எழுதிச் சேருங்கள். டேபிளை உருவாக்கிவிட்டு டேட்டாவை ஏற்றுங்கள். 0900-க்கு மாறுவதைப் பிறகு, டூப்ளிகேட்டுகளை உட்கார்ந்து பார்த்துச் சுத்தம் செய்த பிறகு, தனி வேலையாகச் செய்யுங்கள். மேம்படுத்தும் நாளிலேயே கொலேஷனையும் மாற்றுவது தேவையில்லாத துணிச்சல்.

1062 வராமல் தப்பித்துவிட்டாலும் கொலேஷன் மாறியது வேறு இடங்களில் தலைகாட்டும். பழைய கொலேஷனிலேயே இருக்கும் இன்னொரு டேபிளோடு ஜாயின் செய்தால் 1267. எழுத்து வகை நெடுவரிசையில் ஃபாரின் கீ இருந்தால் 3780. வார்த்தையின் கடைசியில் இருக்கும் இடைவெளியை ஜெனரல்_சிஐ கணக்கில் எடுக்காது, 0900 எடுக்கும். அதனால் நேற்று வரை லாகின் ஆன ஒருவர் இன்று "அப்படி ஒரு யூசரே இல்லை" என்ற பதிலைப் பார்ப்பார்.

அறிகுறி: டேட்டா எல்லாம் ஏறிவிட்டது, கடைசியில் 1231

ஒரு டேபிளின் டிரிகர்கள் (டேட்டா மாறும்போது தானே ஓடும் கட்டளைகள்) டம்பில் அதன் டேட்டாவுக்குப் பிறகுதான் வரும். அவற்றோடு பழைய எஸ்கியூஎல் மோடும் (சர்வர் எவ்வளவு கண்டிப்பாக இருக்க வேண்டும் என்ற அமைப்பு) வரும், அதில் நோ_ஆட்டோ_கிரியேட்_யூசர் இருக்கும். 8.0-ல் அந்த மோடே நீக்கப்பட்டுவிட்டது. ஆகவே பல மணி நேரம் ஓடிய பிறகு கடைசி முழத்தில் விழுகிறது. பதறி முதலிலிருந்து தொடங்காதீர்கள். டேட்டா பத்திரமாக உள்ளே இருக்கிறது. டிரிகர்களை மட்டும் தனியாக ஒரு டம்ப் எடுத்து, அந்தச் சின்ன ஃபைலில் அந்தச் சொல்லை நீக்கி ஏற்றுங்கள். நூறு ஜிபி ஃபைல் மீது 'செட்' (sed) என்ற லினக்ஸ் கட்டளையை ஓட்டித் தேடி நீக்குவது நேரமும் தின்னும், டேட்டாவுக்குள் அதே சொல் இருந்தால் அதையும் தின்னும்.

டிரிகரின் உடலுக்குள் 1064 வந்தால் 'ரேங்க்', 'குரூப்ஸ்', 'விண்டோ', 'சிஸ்டம்' மாதிரி நெடுவரிசைப் பெயர்கள் இருக்கின்றனவா பாருங்கள். 8.0-ல் இவை ஒதுக்கப்பட்ட சொற்கள். டேபிள் அமைப்பில் டம்ப் தானே பேக்டிக் குறி போட்டுவிடும். டிரிகரில் நீங்கள் எழுதியது எழுதியபடிதான் இருக்கும்.

அறிகுறி: 3546 அல்லது 1227

சீக்கிரம் முடியும் விஷயம். ஜிடிஐடி (ஒவ்வொரு டிரான்ஸாக்ஷனுக்கும் சர்வர் தரும் அடையாள எண்) பழைய சர்வரிலிருந்து டம்போடு ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. ஒரு டேபிளை மட்டும் மீட்பதற்கு அது தேவையில்லை. 'செட்-ஜிடிஐடி-பர்ஜ்டு' ஆப்ஷனை ஆஃப் செய்து எடுங்கள். கிளவுட் டேட்டாபேஸில் 1227 வருவதும் பெரும்பாலும் இதனால்தான், அல்லது டிரிகரில் உள்ள டிஃபைனர் (அதன் உரிமையாளரான யூசர்) பெயரால். அங்கே சூப்பர் உரிமை நமக்குக் கிடைக்காது.

அறிகுறி: கிரியேட் டேபிளிலேயே 1118 அல்லது 1071

1118 என்றால் வரிசை பெரிது, 1071 என்றால் கீ நீளம். பல வருடத்துக்கு முன் 5.6-ல் பிறந்து, அப்படியே 5.7-க்கு வந்த டேபிள்களில் பார்க்கலாம். சர்வரை அந்த இடத்திலேயே மேம்படுத்தி வந்த வரை யாரும் இதைக் கேட்கவில்லை. புதிதாக உருவாக்கும்போது இன்னோடிபியின் (மைஎஸ்கியூஎல்லின் இயல்பான சேமிப்பு எஞ்சின்) ஸ்ட்ரிக்ட் மோடு கேட்கிறது. கிரியேட் வரியில் ரோ ஃபார்மேட் காம்பாக்ட் என்று எழுதியிருந்தால் டைனமிக் ஆக்குங்கள். கீயின் நீள வரம்பு 767 பைட்டிலிருந்து 3072 ஆகும். 255 எழுத்துள்ள நெடுவரிசை பழைய மூன்று பைட் யூடிஎஃப்8-ல் 765 பைட், நூலிழையில் தப்பும், யூடிஎஃப்8எம்பி4-ல் 1020. மேம்படுத்தும்போதே கேரக்டர் செட்டையும் மாற்றினால் 1071 வருவது இதனால்தான். 1118-க்கு டைனமிக்கும் போதவில்லை என்றால், நீளமான வார்கேர் நெடுவரிசைகள் சிலவற்றை டெக்ஸ்ட்டாக மாற்ற வேண்டியிருக்கும்.

அறிகுறி: ஏறியது, ஆனால் எழுத்து கேள்விக்குறியாக இருக்கிறது

ஈமோஜி மட்டும் கேள்விக்குறி என்றால், 5.7-ன் மைஎஸ்கியூஎல்டம்ப் இயல்பாக மூன்று பைட் யூடிஎஃப்8-ல் எடுத்திருக்கிறது. நான்கு பைட் எழுத்துகள் டம்பிலேயே போய்விட்டன; புதிய சர்வரில் என்ன செய்தாலும் திரும்பாது. பழைய சர்வர் இன்னும் இருந்தால் 'டிஃபால்ட்-கேரக்டர்-செட்' யூடிஎஃப்8எம்பி4 கொடுத்து மறுபடி எடுங்கள். தமிழ் எழுத்துகள் மூன்று பைட்டுக்குள் அடங்குவதால் இதில் தப்பிவிடும்.

தமிழ் எழுத்துக்குப் பதில், மேலே கோடு போட்ட ரோமன் எழுத்தும் வட்டக் குறிகளுமாகத் தெரிந்தால் அவ்வளவு பயப்பட வேண்டாம். பழைய ஆப் லத்தீன்1 நெடுவரிசையில் யூடிஎஃப்8 பைட்டுகளைத் திணித்து வந்திருக்கிறது. பைட்டுகள் அழியவில்லை. அந்த நெடுவரிசையை முதலில் பைனரி வகைக்கு மாற்றி, பிறகு யூடிஎஃப்8எம்பி4 ஆக்கினால் தமிழ் திரும்பிவிடும். ஒரு நகல் டேபிளில் செய்து பாருங்கள்.

அறிகுறி: ரீஸ்டோர் முடிந்த பிறகு, முதல் ஆல்டரில் 1292

டம்ப் ஃபைல் தன் தலைப்பகுதியிலேயே எஸ்கியூஎல் மோடைத் தளர்த்திவிட்டுத்தான் தொடங்குகிறது. அதனால் '0000-00-00' என்ற தேதிகள் சத்தமில்லாமல் உள்ளே போய்விடும். பிறகு நீங்கள் சாதாரண செஷனில் நெடுவரிசை மாற்றப் போனால், கண்டிப்பான மோடு அவற்றைப் பிடிக்கும். அந்தத் தேதிகளை நல் ஆக்க முடியுமா என்று ஆப் எழுதியவர்களைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். பல பழைய ஆப்களில் பூஜ்யத் தேதிக்கே ஒரு அர்த்தம் வைத்திருப்பார்கள்.

பாதியில் நின்றதை எப்படித் தொடர்வது?

எரரில் வரி எண் இருக்கும். 4213 என்று வைத்துக்கொள்வோம். அந்த வரியை மட்டும் 'செட்' (sed) கொண்டு எடுத்து, 'கட்' கொண்டு முதல் 300 எழுத்தைப் பாருங்கள். முழுதும் திரையில் கொட்டினால் டெர்மினல் திணறும், ஏனென்றால் ஒரு இன்சர்ட் வரியே சுமார் ஒரு எம்பி இருக்கும். 'நோ-ஆட்டோகமிட்' இல்லாமல் எடுத்த டம்பில் ஒவ்வொரு இன்சர்ட்டும் தனியாக கமிட் ஆகிறது. அதனால் 4212 வரை ஏறியது ஏறியதுதான். கோளாறைச் சரிசெய்துவிட்டு, ஃபைலின் தலைப்பகுதியில் உள்ள செட் வரிகளை மட்டும் 'ஹெட்' கொண்டு எடுத்து, அதோடு 4213-லிருந்து கடைசி வரை 'டெயில்' கொண்டு சேர்த்து ஏற்றுங்கள். தலைப்பகுதியை விட்டால் ஃபாரின் கீ சோதனை மறுபடி முளைத்து வேறு எரர் வரும். அதற்காக அதிகமாக எடுத்துவிடவும் கூடாது: 'டிராப் டேபிள்' வரி அதில் சேர்ந்தால் ஏறியதெல்லாம் போயிற்று.

அறிகுறி: ஓடுகிறது, ஆனால் விடிந்தாலும் முடியாது போலிருக்கிறது

டம்பில் இருக்கும் 'டிஸேபிள் கீஸ்' வரி இன்னோடிபிக்கு ஒன்றும் செய்யாது. அது மைஐசாம் என்ற பழைய சேமிப்பு எஞ்சின் காலத்து வரி. அமைப்பு ஃபைலில் பிரைமரி கீயை மட்டும் விட்டு, மற்ற இன்டெக்ஸ்களை எடுத்துவிட்டு ஏற்றி, கடைசியில் ஒரே ஆல்டரில் சேர்ப்பதுதான் பெரிய டேபிளுக்கு உண்மையாக நேரம் மிச்சம் செய்வது. இன்னோடிபி_ஃப்ளஷ்_லாக்_அட்_டிஆர்எக்ஸ்_கமிட் மதிப்பைத் தற்காலிகமாக 2 ஆக்கலாம். 8.0.30 முதல் ரீடூ லாக் (சர்வர் திடீரென நின்றால் மாற்றங்களை மீட்க எழுதும் redo பதிவு) கொள்ளளவின் இயல்பு வெறும் 100 எம்பி. அதைச் சில ஜிபிக்கு உயர்த்துங்கள். 8.0.21 முதல் ரீடூ லாகை முழுதாக அணைக்கவும் வழி உண்டு. புத்தம்புது காலி சர்வரில் மட்டும் அதைச் செய்யுங்கள். அணைந்திருக்கும்போது மின்சாரம் போனால் சர்வர் முழுவதையும் மறுபடி கட்ட வேண்டும்.

பழைய சர்வர் இன்னும் உயிரோடு இருந்தால் என் தேர்வு மைஎஸ்கியூஎல் ஷெல். அதன் 'டம்ப்டேபிள்ஸ்' டேபிளைத் துண்டு துண்டாக எடுக்கும், 'லோட்டம்ப்' பல திரெட்களில் ஏற்றும், நடுவில் நின்றால் எதுவரை போனோம் என்ற குறிப்பை வைத்துத் தானே தொடரும். சர்வரில் லோக்கல்_இன்ஃபைல் ஆன் ஆக இருக்க வேண்டும். 8.0-ல் அது இயல்பாக ஆஃப். அதைக் கவனிக்காமல் கையால் 'லோட் டேட்டா லோக்கல்' கொடுப்பவர்களுக்கு 3948 வருவது அதனால்தான்.

அறிகுறி: எல்லாம் முடிந்தது, வரிசை எண்ணிக்கை மட்டும் உதைக்கிறது

இன்ஃபர்மேஷன் ஸ்கீமாவில் வரும் டேபிள்_ரோஸ் எண்ணை வைத்துப் பழையதையும் புதியதையும் ஒப்பிடாதீர்கள். இன்னோடிபிக்கு அது எப்போதுமே தோராயம். போதாக்குறைக்கு 8.0 அந்த எண்ணை 24 மணி நேரம் சேமித்து வைத்துக் காட்டுகிறது. டேபிள் காலியாக இருந்தபோது எடுத்த எண் இன்னும் பூஜ்யமாகவே நிற்கலாம். 'அனலைஸ் டேபிள்' ஒருமுறை ஓட்டுங்கள். குவெரிகள் சரியான இன்டெக்ஸைப் பிடிக்கவும் அது வேண்டும். ஒப்பிடுவதற்கு இரண்டு பக்கமும் 'கவுன்ட்' போடுங்கள், மாத வாரியாகத் தொகை நெடுவரிசையைக் கூட்டிப் பாருங்கள். 'செக்சம் டேபிள்' வேண்டாம். ரோ ஃபார்மேட் மாறியிருந்தால் டேட்டா ஒன்றாக இருந்தாலும் அது வேறு எண் காட்டக்கூடும். இந்தக் கணக்கு பைசா சுத்தமாக ஒத்துப்போகும் வரை பழைய 5.7 சர்வரை ரீட்-ஒன்லியில் வைத்திருங்கள். 8.0-ன் டேட்டா டைரக்டரியைக் கொண்டு 5.7-க்குத் திரும்பிப் போக வழி கிடையாது.